விளைநிலத்தில் குடியேறிய அச்சம்

முற்றி நிற்கும் கதிரைக் கண்டால் மனித மனம் குளிரும் என்பதே நாம் அறிந்த வழக்கம். கடன் சுமையும் பிணியும் வாட்டும் வேளையிலும், விளைந்த நிலத்தின் வரப்பில் சற்று நின்று பார்க்கும் உழவர் ஆறுதல் அடைவார். திருப்பாடல் ஆசிரியரும் தானியம் மூடிய பள்ளத்தாக்குகளைக் களிப்பின் அடையாளமாகவே கண்டார். ஆனால் அமெரிக்க நாட்டில், கடந்த எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக, ஒரு பயிர் மட்டும் இதற்கு நேர்மாறான பெயரைப் பெற்றிருக்கிறது. அந்நாட்டுப் பேய்க்கதைகளிலும் திகில் படங்களிலும் மக்காச்சோளக் கொல்லை, இடுகாட்டுக்கும் பாழடைந்த மாளிகைக்கும் இணையான இடத்தைப் பிடித்துவிட்டது. கதையில் வரும் ஒருவர் அக்கொல்லைக்குள் கால் வைத்தாரானால், அவர் மீண்டு வருவது அரிது என்று வாசகர் உடனே உணர்ந்துகொள்கிறார். உணவு விளையும் இடம் உயிர் பறிக்கும் இடமாக மாறியது எப்போது, எதனால் என்று ஆராய்ந்து பார்ப்பது வீண் வேலையாகாது.

முதலில் பயிரைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். நம் முன்னோர் மானாவாரி நிலத்தில் விதைத்து வந்த சோளம் வேறு, மக்காச்சோளம் வேறு. ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன்பு மெக்சிகோ நாட்டின் பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில், தியோசிந்தே என்னும் காட்டுப் புல்லிலிருந்து மனிதர் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய பயிர் இது. இதன் கதிரைத் தடித்த தோகைகள் இறுக மூடியிருப்பதால் மணிகள் தாமாக உதிர்ந்து பரவுவதில்லை. முழுக்கதிர் அப்படியே மண்ணில் வீழ்ந்தால், நூற்றுக்கணக்கான முளைகள் ஒன்றையொன்று நெருக்கி மடிந்துபோகும். மனிதக் கை உரித்து, உதிர்த்து, இடைவெளி விட்டு ஊன்றினாலன்றி இதற்கு மறுவாழ்வு இல்லை. மனிதரின்றி வாழ இயலாத இச்செடியையே, மனிதரை விழுங்கும் செடியாகக் கதாசிரியர்கள் ஆக்கினர்.

இவ்வகைக் கதைகளுள் பெரும்புகழ் பெற்றது ஸ்டீபன் கிங் எழுதிய ‘சில்ட்ரன் ஆஃப் தி கார்ன்’. 1977ஆம் ஆண்டு ஓர் ஆடவர் மாத இதழில் வெளிவந்து, மறு ஆண்டில் ‘நைட் ஷிஃப்ட்’ என்னும் தொகுப்பில் சேர்ந்தது. பர்ட், விக்கி என்னும் மனம் ஒவ்வாத தம்பதியர் மேற்குக் கடற்கரையை நோக்கிக் காரில் செல்கின்றனர். நெப்ராஸ்கா மாநிலத்தில், இருபுறமும் மக்காச்சோளம் சுவர்போல் நிற்கும் ஒரு சாலையில், கொல்லையிலிருந்து வெளிவந்த சிறுவன் ஒருவன் மீது கார் மோதிவிடுகிறது. இறங்கிப் பார்த்தால், மோதுவதற்கு முன்னரே அவன் கழுத்து அறுபட்டிருப்பது தெரிகிறது. உடலை எடுத்துக்கொண்டு காட்லின் என்னும் சிற்றூருக்குள் நுழைகின்றனர். அங்கே ஆளரவம் இல்லை. எல்லாம் 1964ஆம் ஆண்டோடு நின்றுபோயிருக்கிறது. அந்த ஆண்டில் அவ்வூர்ச் சிறுவர்கள் பெரியவர் அனைவரையும் கொன்றுவிட்டு, கொல்லைக்குள் உறையும் ஒரு தெய்வத்துக்கு அடிமைப்பட்டு வாழ்கின்றனர். வரிசைகளுக்குப் பின்னே நடப்பவன் என்பதே அத்தெய்வத்தின் பெயர். பத்தொன்பது வயது நிறைந்தவர் எவராயினும் கொல்லைக்குள் நடந்து சென்று தம்மைப் பலியாக்கிக்கொள்ள வேண்டும் என்பது அதன் கட்டளை.

கதையின் நடுப்பகுதியில் பர்ட் அவ்வூர்க் கோவிலுக்குள் நுழைகிறார். கிறிஸ்தவ வாசகர் இப்பகுதியை விரைந்து கடந்துவிட முடியாது. இசைப்பெட்டியின் குழல்களில் தோகைகள் திணிக்கப்பட்டிருக்கின்றன. மறையுரை மேடைக்குப் பின்னே தீட்டப்பட்ட கிறிஸ்துவின் முகத்தில், தலைமுடி இருக்க வேண்டிய இடத்தில் பச்சைத் தழை பின்னிக் கிடக்கிறது. விவிலியத்தில் யோபு நூல் திறந்திருக்கிறது. புதிய ஏற்பாட்டின் பல பகுதிகள் கத்தரிக்கோலால் வெட்டி அகற்றப்பட்டிருக்கின்றன. அருகிலுள்ள பதிவேட்டில் சிறுவர்களின் பெயர்கள் பழைய ஏற்பாட்டுப் பெயர்களாக மாற்றி எழுதப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் நேரே பிறந்த நாளும் பத்தொன்பதாம் பிறந்தநாளில் இறந்த குறிப்பும் உள்ளன. திகில் எழுத்தாளர் எனப் பலர் எளிதாக ஒதுக்கிவிடும் ஒருவர், இரக்கம் வெட்டி எடுக்கப்பட்ட சமயம் எத்தகையது என்பதை ஒரு கத்தரிக்கோலைக் கொண்டு உணர்த்திவிடுகிறார். இதில் சமய நிந்தனை இருப்பதாக நாம் கருதவில்லை. கல்வாரியில் நிறைவெய்திய பலியை மறந்தவர் மீண்டும் மீண்டும் பலி கேட்கும் தெய்வத்திடமே போய்ச் சேர்வர் என்னும் உண்மையை, ஒருவேளை தாம் அறியாமலேயே, அவர் தொட்டிருக்கிறார்.

கதையின் இறுதியில் அறுவடை போதவில்லை என்று தெய்வம் சினந்து, பலி வயதைப் பதினெட்டாகக் குறைக்கிறது. வயது வந்துவிட்ட இளைஞர்கள் கொல்லைக்குள் நடந்து மறைகின்றனர். அவர்களுள் ஒருவனுடைய குழந்தையைச் சுமக்கும் பெண் அழுதபடி நிற்கிறாள். காய்ந்த பருவத்தில் இரு கைகளிலும் தீப்பந்தம் ஏந்தி அக்கொல்லைக்குள் புகவேண்டும் என்பது அவளது மறைவான கனவு. அவள் பெயர் ரூத். போவாசின் வயலில் கதிர் பொறுக்கி, அதே வயலில் வாழ்வைக் கண்டடைந்த மோவாபியப் பெண்ணின் பெயர் இக்கதையில் யாருக்கு வழங்கப்பட்டிருக்கிறது என்பதை வாசகர் கவனிக்க வேண்டும்.

ஆயினும் நம் ஆய்வுக்கு மிகவும் பயன்படுவது வேறொரு சிறு குறிப்பு. கொல்லைக்குள் ஓடும் பர்ட் ஒரு கட்டத்தில் வியந்து நிற்கிறார். அந்நிலத்தில் ஒரு களை இல்லை, ஓர் இலையில் புழு அரித்த தடம் இல்லை, நோயுற்ற ஒரு தண்டு இல்லை. இத்தனை தூய்மையான கொல்லை இயற்கையில் இருக்க முடியாது என்பதே அவருடைய அச்சத்தைப் பன்மடங்காக்குகிறது. கதையில் இது பேயின் வேலை. ஆனால் அதே 1970களில் களைக்கொல்லியும் பூச்சிக்கொல்லியும் வீரிய விதையும் விற்ற நிறுவனங்கள் உழவர்க்கு அளித்து வந்த வாக்குறுதியும் களையற்ற, புழுவற்ற, ஒரே உயரத்தில் ஒரே நிறத்தில் நிற்கும் இத்தகைய கொல்லைதான். கிங் அதற்குச் சற்றும் மிகை கூட்டவில்லை.

இதற்கு முந்திய காலத்தில் மக்கள் கொல்லையை அஞ்சவில்லையா என்னும் கேள்வி எழும். ஐரோப்பாவில் அஞ்சினர். செருமனியில் வில்ஹெல்ம் மன்ஹார்ட் என்னும் அறிஞர் 1860களில் தொகுத்த நாட்டார் நம்பிக்கைகளில், கம்புப்புல் போன்ற ‘ரை’ தானிய வயலில் திரியும் ஓநாயும், குழந்தைகளைப் பிடித்துச் செல்லும் ரை வயல் கிழவியும் வருகின்றனர். சிலாவிய நாடுகளில் நண்பகல் வேளையில் வயலில் தோன்றும் பெண்பேய் ஒன்று உண்டு. விளைந்த பயிரைச் சிறுவர் மிதித்துவிடாமல் இருக்கவும், நடுப்பகல் வெயிலில் உழைப்போர் மயங்கி விழாமல் இருக்கவும் இக்கதைகள் உதவியிருக்கும். இவற்றைக் கொண்டே ஜேம்ஸ் பிரேசர் 1890இல் தம் ‘கோல்டன் பவ்’ நூலில் தானியத் தாய், தானிய ஆவி, அறுவடைப் பலி ஆகியவற்றை விரிவாக எழுதினார். அவர் கையாண்ட சொல் ‘கார்ன்’. இங்கிலாந்தில் அச்சொல்லுக்குக் கோதுமை, பார்லி முதலிய எந்தத் தானியமும் பொருளாகும். அமெரிக்காவில் மக்காச்சோளம் ஒன்றே பொருள். ஓய்வுநாளில் ஆண்டவரின் சீடர்கள் கதிர் கொய்த நிகழ்ச்சியைப் பழைய ஆங்கில விவிலியத்தில் வாசித்த அமெரிக்கச் சிறுவர் எத்தனை பேர், சீடர்கள் மக்காச்சோளக் கொல்லையின் நடுவே நடந்ததாகக் கற்பனை செய்தார்களோ! ஐரோப்பிய வயல்பேய் இச்சொல்லின் தோளில் ஏறியே கடலைக் கடந்தது எனலாம். 1973இல் தாமஸ் டிரையன் எழுதிய ‘ஹார்வெஸ்ட் ஹோம்’ நாவலில், பிரேசர் விவரித்த பழைய அறுவடைச் சடங்கு அப்படியே ஓர் அமெரிக்கச் சிற்றூரின் மக்காச்சோளக் கொல்லைக்குப் பெயர்ந்துவிட்டது.

ஆனால் சொல் கடந்து வந்தால் மட்டும் போதாது. அது வேர்விட நிலம் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கரிடம் அந்நிலம் இருந்ததாகத் தெரியவில்லை. 1852இல் நதானியல் ஹாதார்ன் ஒரு சூனியக்கிழவி செய்த சோளக்கொல்லைப் பொம்மைக்கு உயிர் தந்து கதை எழுதினார். அப்பொம்மை யாரையும் கொல்லவில்லை, கண்ணாடியில் தன் உண்மை உருவைக் கண்டு மனமுடைந்து தன்னையே கலைத்துக்கொள்கிறது. 1900இல் பிராங்க் பாம் படைத்த ஆஸ் நாட்டுப் பொம்மையோ குழந்தைகளின் உற்ற தோழன். மக்காச்சோளக் கொல்லை அன்று ஆட்கள் நிறைந்த இடம். அறுவடை முடிந்ததும் அண்டை வீட்டார் ஒரு களஞ்சியத்தில் கூடித் தோகை உரிப்பர். சிவப்புக் கதிர் கிடைத்த இளைஞன் விரும்பிய பெண்ணை முத்தமிடலாம் என்னும் வேடிக்கை வழக்கமும் இருந்தது. தோகை உரித்துக் கதிர் ஒடிப்பதில் 1924 முதல் தேசிய அளவில் போட்டி நடந்தது. 1930களின் பிற்பகுதியில் அப்போட்டியைக் காண ஒரு லட்சம் பேருக்கு மேல் கொல்லை ஓரங்களில் திரண்டனர். 1941க்குப் பிறகு போட்டி நின்றது. போர் நின்றதைத் தொடர்ந்து கதிர் ஒடிக்கும் இயந்திரம் எங்கும் பரவியது.

அக்காலக் கொல்லையின் அமைப்பே வேறு. கலப்பை இழுக்கும் குதிரை நடக்க இடம் வேண்டுமென்பதால் வரிசைக்கு வரிசை ஏறத்தாழ மூன்றரை அடி இடைவெளி விட்டனர். முடிச்சிட்ட கம்பியை நிலத்தின் குறுக்கே இழுத்துக் கட்டி, அம்முடிச்சுகளின் கணக்கில் விதை ஊன்றினர். அதனால் நிலம் முழுவதும் சதுரங்கப் பலகைபோல் கட்டம் கட்டமாக அமைந்தது. நெடுக்கிலும் குறுக்கிலும் களை எடுக்கலாம்; உள்ளே நிற்பவர் நான்கு திசையிலும் ஒளியைக் காணலாம். ஏக்கருக்குப் பத்தாயிரத்தைச் சுற்றியே செடிகள் இருந்தன. கொடிப்பூசணியும் அவரையும் ஊடே படர்ந்த கொல்லைகளும் உண்டு.

பிறகு வந்த மாற்றம் பெரிது. ஹென்றி வாலஸ் 1926இல் அயோவா மாநிலத்தில் வீரிய ஒட்டு விதைக்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். அவரே பின்னாளில் நாட்டின் துணைக்குடியரசுத் தலைவரானவர். 1940களின் தொடக்கத்தில் அயோவாவில் ஏறத்தாழ எல்லா நிலத்திலும் ஒட்டு விதையே ஊன்றப்பட்டது. குதிரை போய் டிராக்டர் வந்தது. களை எடுப்பதற்குப் பதில் களைக்கொல்லி வந்தது. குதிரைக்கும் மண்வெட்டிக்கும் வழி விடத் தேவையில்லாது போகவே வரிசைகள் இரண்டரை அடிக்கு நெருங்கின. இன்று ஏக்கருக்கு முப்பதாயிரம் செடிகளும் அதற்கு மேலும் நிற்கின்றன. 1930கள் வரை ஏக்கருக்கு ஏறத்தாழ 26 புஷல், அதாவது 650 கிலோ கிடைத்த நிலம், இப்போது 170 புஷலுக்கு மேல் தருகிறது. இதைச் சாதனை என்று கூற நாம் தயங்கவில்லை. பசியை அறிந்த எந்த நாடும் தயங்காது. ஆயினும் பழைய கொல்லை ஊடே நடக்கத்தக்க தோப்பாக இருந்தது. புதிய கொல்லை ஒரு சுவர். எட்டு அடி, பத்து அடி உயரச் செடிகள் நெருங்கி நிற்கும்போது உள்ளே காற்று அசைவதில்லை. ஒரு ஏக்கர் மக்காச்சோளம் கோடையில் நாளொன்றுக்கு 11,000 லிட்டருக்கு மேல் நீரை ஆவியாக வெளிவிடுகிறது. இலை விளிம்பு தோலைக் கீறும். எத்திசையில் திரும்பினாலும் ஒரே காட்சி. 2011இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கேளிக்கைக்காகக் கொல்லையில் வெட்டியமைத்த வழிச்சிக்கலுக்குள் கைக்குழந்தையுடன் சென்ற ஒரு குடும்பம், இருட்டியதும் அஞ்சிக் காவல்துறையைத் தொலைபேசியில் அழைத்தது. காவலர் வந்து பார்த்தபோது அவர்கள் கொல்லையின் எல்லைக்கு மிக அருகிலேயே நின்றிருந்தனர்.

செடிகள் பெருகிய அதே காலத்தில் மனிதர் குறைந்தனர். 1935இல் அமெரிக்காவில் 68 லட்சம் பண்ணைகள் இருந்தன. 1974ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எஞ்சியவை ஏறத்தாழ 23 லட்சம். பள்ளிகள் மூடப்பட்டன, கடைத்தெருக்கள் வெறிச்சோடின, இளைஞர்கள் நகரங்களுக்குச் சென்றனர். இந்த நாற்பது ஆண்டுகளுக்குள்தான் கொல்லை அச்சத்தின் இடமாயிற்று என்பதே நாம் வற்புறுத்த விரும்புவது. 1953இல் ஜெரோம் பிக்ஸ்பி எழுதிய ஒரு கதையில், நினைத்ததை நடத்தும் ஆற்றல் பெற்ற சிறுவன் ஒருவன் தனக்குப் பிடிக்காதவரை மக்காச்சோளக் கொல்லைக்கு அனுப்பிவிடுகிறான், போனவர் திரும்புவதில்லை. 1961இல் இது தொலைக்காட்சியில் வந்தபின், வேண்டாதவரை ஒழித்துக்கட்டுவதைக் கொல்லைக்கு அனுப்புதல் என்று கூறுவது அமெரிக்கப் பேச்சுவழக்கிலேயே கலந்தது. 1959இல் ஆல்பிரட் ஹிட்ச்காக் எடுத்த ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’ படத்தில், கொலை முயற்சி இருண்ட சந்தில் நிகழாமல் வெட்டவெளியில், நண்பகலில் நிகழ்கிறது. மருந்து தெளிக்கும் விமானம் ஒன்று கதாநாயகனைத் துரத்துகிறது. அவர் மக்காச்சோளத்துக்குள் ஒளிகிறார். விமானம் பூச்சிமருந்துத் தூளைக் கொல்லைமேல் கொட்டி, புழுவை விரட்டுவதுபோல் அவரை வெளியே விரட்டுகிறது. ஹிட்ச்காக்கிடம் பேய் எதுவும் இல்லை. இருந்தும் கொல்லைக் காட்சிகள் அனைத்திலும் நம்மை மிகவும் கலங்கச் செய்வது இதுவே.

‘கொல்லையின் குழந்தைகள்’ என்னும் கற்பனைக்கு அடியில் உண்மையான குழந்தைகளும் இருந்தனர். ஒட்டு விதை உண்டாக்க வேண்டுமானால், தாய் வரிசையில் நிற்கும் ஒவ்வொரு செடியின் உச்சியிலும் வரும் ஆண் பூக்கொத்தைக் கிள்ளி எறிய வேண்டும். நெப்ராஸ்கா, அயோவா மாநிலங்களில் பதின்வயதினர் கோடை விடுமுறையில் கூட்டம் கூட்டமாகச் சென்று இவ்வேலையைச் செய்தனர். விடியற்காலையில் பனியில் நனைந்து, நண்பகலில் வெயிலில் வெந்து, இலை கீறிய கைகளோடு வரிசை வரிசையாக நடந்தனர். இடையில் ஆண் மலட்டுத்தன்மை கொண்ட ஒரு ரகம் கண்டறியப்பட்டதால் கிள்ளும் வேலை பெரிதும் குறைந்தது. நாட்டின் மக்காச்சோளத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அந்த ஒரே தன்மையைச் சுமந்து நின்றபோது, 1970இல் இலைக்கருகல் நோய் அதைத் தேர்ந்து தாக்கியது. அவ்வாண்டு விளைச்சலில் ஏறத்தாழ 15 விழுக்காடு அழிந்தது. விதை நிறுவனங்கள் பழைய முறைக்குத் திரும்பின. சிறுவர் கூட்டங்கள் மீண்டும் வரிசைகளுக்குள் இறங்கின. இதற்கு ஏழு ஆண்டுகளுக்குப் பின் கிங்கின் கதை வெளிவந்தது. அவர் இதை மனத்தில் வைத்து எழுதினார் என்று நாம் கூறவரவில்லை. அவர் மெய்ன் மாநிலத்தவர். மக்காச்சோள நாட்டுக்கு அவரும் தம் கதைமாந்தரைப் போலவே வழிப்போக்கர்தான். ஊரார் தம் கொல்லையை அஞ்சியதைவிட, அதைக் கார்க் கண்ணாடி வழியாகக் கண்டு கடந்தவரே மிகுதியாக அஞ்சினர் என்பதற்கும் இது சான்று.

கதை வெளிவந்த இரண்டே ஆண்டுகளில் அதே நிலப்பரப்பு வேறொரு காட்சியைக் கண்டது. அயோவா விவசாயி ஒருவர் தம் கைப்பட எழுதிய அழைப்பு மடலை ஏற்று, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1979 அக்டோபர் 4ஆம் நாள் டெ மாயின் நகருக்கு அருகிலுள்ள பண்ணை வெளியில் திருப்பலி நிறைவேற்றினார். வந்தவர் ஏறத்தாழ 3,50,000 பேர். அம்மாநில வரலாற்றில் அத்தனை பெரிய கூட்டம் அதற்குமுன் கூடியதில்லை. நிலம் இறைவனின் கொடை, அதைக் கெடாமல் பேணி அடுத்த தலைமுறைக்குக் கையளிப்பது கடமை, விளைவதைப் பசித்தோரோடு பகிர வேண்டும் என்னும் கருத்துகளை அவர் எடுத்துரைத்தார். ஆளற்றுப் போய்க்கொண்டிருந்த கொல்லைகளின் நடுவே ஒரு நாள் மட்டும் மனிதத் திரள் நிறைந்து நின்றதைப் புகைப்படங்களில் பார்க்கும்போது, கிங்கின் காட்லின் கோவில் நம் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

அந்த ஆறுதல் நீடிக்கவில்லை. 1980களில் வட்டி ஏறி, நிலத்தின் விலை சரிந்து, பண்ணைகள் ஏலத்துக்கு வந்தன. அயோவாவில் நீதிமன்றங்களின் முன்புறப் புல்வெளியில், இழந்த பண்ணைகளின் நினைவாக வெண்ணிறச் சிலுவைகள் நடப்பட்டன. கிங்கின் கதை திரைப்படமானது அந்நெருக்கடியின் நடுவில், 1984இல்; அதைப் படம்பிடித்ததும் அயோவாவிலேயே. பின்னர் பல படங்கள் அதே தலைப்பில் வந்தன. அவற்றில் பெரும்பாலானவை பேசத்தக்கவை அல்ல.

இதுவரை கற்பனை அச்சத்தைப் பற்றியே பேசினோம். உண்மையான குருதி இக்கொல்லைகளில் இதைவிட மிகுதியாகச் சிந்தியிருக்கிறது. திகில் கதைகள் அதைத் தொடுவது அரிது. 1779இல் ஜார்ஜ் வாஷிங்டனின் ஆணைப்படி தளபதி சல்லிவனின் படை இரோகுவா மக்களின் நாட்டுக்குள் புகுந்து, நாற்பது ஊர்களை எரித்து, 1,60,000 புஷல் மக்காச்சோளத்தை, அதாவது ஏறத்தாழ 40 லட்சம் கிலோவை அழித்தது. அந்தக் குளிர்காலத்தில் நயாகரா கோட்டையை நாடி ஓடியவர் பலர் பசியிலும் பனியிலும் மாண்டனர். 1832இல் சாக் இனத்தாரும் அவர்தம் தலைவர் பிளாக் ஹாக்கும் தங்கள் பழைய கொல்லையில் மீண்டும் விதைக்க மிசிசிப்பியைக் கடந்ததிலிருந்து ஒரு போர் மூண்டது. அவர்கள் தோற்றபின் அயோவாவின் கிழக்குப் பகுதி வெள்ளையர் குடியேற்றத்துக்குத் திறந்தது. உள்நாட்டுப் போரில், 1862 செப்டம்பர் 17ஆம் நாள், மேரிலாந்தின் ஆண்டீடம் என்னும் இடத்தில் ஒரு விவசாயியின் மக்காச்சோளக் கொல்லை விடியற்காலை முதல் கை மாறி மாறிக் களமாயிற்று. அன்று ஒரே நாளில் இரு தரப்பிலும் இறந்தோர், காயமுற்றோர், காணாமற்போனோர் ஏறத்தாழ 23,000 பேர். கொல்லையின் பெரும்பகுதி கத்தியால் அறுத்ததுபோல் வெட்டுண்டதாகவும், வீழ்ந்த வீரர் நின்ற வரிசையிலேயே கிடந்ததாகவும் தளபதி ஹூக்கர் தம் அறிக்கையில் எழுதினார்.

நெப்ராஸ்காவில் காட்லின் என்னும் கற்பனை ஊர் எழுவதற்கு நெடுங்காலம் முன்பே, அம்மண்ணில் மக்காச்சோளம் விதைத்தவர்கள் பாவ்னி இனத்தார். அதைத் தாய் என்றே அழைத்தனர். அவர்களுள் ஸ்கிடி என்னும் பிரிவினர் விடிவெள்ளிக்குச் சிறைப்பட்ட பெண்ணைப் பலியிடும் சடங்கு ஒன்றை வைத்திருந்ததும் உண்மை. 1817 அளவில் பெட்டலெஷாரோ என்னும் ஸ்கிடி இளைஞர் பலிமேடையில் கட்டப்பட்டிருந்த ஒரு பெண்ணை விடுவித்து, குதிரையேற்றி அனுப்பிவைத்தார். 1838க்குப் பின் அச்சடங்கு நிகழ்ந்ததாகச் செய்தி இல்லை. பலி கேட்கும் கொல்லையைப் படைத்த கதையில் இப்படி ஓர் இளைஞன் இல்லை என்பது நமக்குக் குறையாகவே படுகிறது.

புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த மாஹியில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த மனோஜ் ஷியாமளன் 2002இல் இயக்கிய ‘சைன்ஸ்’ படம், இவ்வரிசையில் ஒரு திருப்பம். மனைவியை விபத்தில் இழந்து, குருத்துவ அங்கியைக் களைந்துவிட்ட ஆங்கிலிக்க மரபுக் குரு ஒருவர் பென்சில்வேனியாவில் தம் கொல்லையில் விந்தையான வட்டங்களைக் காண்கிறார். கொல்லைக்குள் அவர் அடையும் அச்சம் இறுதியில் அவரை மீண்டும் அங்கியை அணியச் செய்கிறது. இவ்வட்டங்கள்கூட இங்கிலாந்துக் கோதுமை வயல்களிலிருந்து வந்தவையே. அவற்றுள் பலவற்றைத் தாங்களே இரவில் பலகையும் கயிறும் கொண்டு மிதித்து அமைத்ததாக முதியவர் இருவர் 1991இல் ஒப்புக்கொண்டனர். மீண்டும் அதே ‘கார்ன்’ என்னும் சொல் கடல் கடந்தது.

கிங்கும் நெப்ராஸ்காவை விடவில்லை. 2010இல் வெளிவந்த ‘1922’ என்னும் நெடுங்கதையில் தெய்வம் எதுவும் கொல்லைக்குள் நடப்பதில்லை. மனைவி தன் தந்தைவழிச் சொத்தான நூறு ஏக்கரைப் பன்றி வெட்டும் நிறுவனத்துக்கு விற்றுவிட்டு நகரம் செல்ல விரும்புகிறாள். நிலத்தை விட மனமில்லாத கணவன், மகனையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு அவளைக் கொன்று பாழுங்கிணற்றில் தள்ளுகிறான். முதல் கதையைவிட இதை நாம் உயர்வாக மதிக்கிறோம். அச்சத்தின் உண்மையான பெயரை, அதாவது நில ஆசையை, முப்பது ஆண்டுகளுக்குப் பின் அவர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்.

பாவ்னி இனத்தார் 1870களின் நடுவில் நெப்ராஸ்காவை விட்டு, இன்றைய ஓக்லகோமாவுக்குப் பெயர்க்கப்பட்டனர். போகும்போது விதைகளைத் துணிப்பைகளில் கட்டி எடுத்துச் சென்றனர். புதிய மண்ணில் பயிர் தேறவில்லை. தலைமுறைகள் கழிந்து, சில ரகங்களில் கைப்பிடி விதையே எஞ்சியது. 2000களின் தொடக்கத்தில், அம்மக்களின் பழைய நிலத்தில் இன்று வாழும் குடியேறிகளின் வழித்தோன்றல்கள் சிலர், அவ்விதையைத் தங்கள் தோட்டங்களில் விதைத்துத் தர முன்வந்தனர். முதல் முயற்சி பொய்த்தது. எஞ்சியதில் ஒரு சிறு பகுதியை எண்ணிக் கொடுத்தனர்; அது நெப்ராஸ்கா மண்ணில் முளைத்து விளைந்தது. அன்றிலிருந்து அங்கே விளையும் கதிர்கள் ஓக்லகோமாவிலுள்ள பாவ்னி மக்களுக்கு அனுப்பப்படுகின்றன. அவற்றுள் ஒரு ரகத்தின் பெயர் கழுகு மக்காச்சோளம். வெண்ணிற மணியின் மேல் ஊதா நிறத்தில், சிறகு விரித்த பறவை போன்ற ஒரு குறி அதில் உண்டு.